சவேரி வார்த்த ஈய இட்லிகள்

என் கூடப் பிறந்த கூத்துக்காரன் சவேரிக்கு,

உன் அக்கா லூர்து எழுதுகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வேறு யாராவது வந்து உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் பிரின்சியோடு ரேஸ் மைதானத்துக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கொட்டகைக்குக் கீழே இரும்புத் தகடு போட்ட மேடை, நல்ல நிழல், யாரும் இல்லை. பையோடு ஏறி நின்றேன். அது எடை மேடையாம். வண்டியையும் அதை ஓட்டுகிற பிள்ளையையும் சேர்த்து நிறுக்கிற இடமாம். என் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரிகிற மாதிரி, என் எடை வந்து நின்றது. மைக்கில் பேசுகிறவர் வேறு, "எடை மேடையில் இருக்கும் வண்டி எந்த நம்பர்?" என்று கேட்டார்.

பிரின்சி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் தரையில் விழுந்து புரண்டிருப்பாய். அந்தச் சிரிப்புச் சத்தம் எங்கிருந்தாவது வரும் என்று நான் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், தெரியுமா?

இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனதே இல்லை. நீ பிரின்சியை ஓட்ட வைத்த ரேஸைத் 'தள்ளுவண்டி ரேஸ்' என்று கிண்டல் செய்வதோடு என் வேலை முடிந்தது. கூரை கிடையாது, கதவு கிடையாது, பிருஷ்டம் தரையில் தேய்கிற மாதிரி ஒரு குட்டி வண்டி. கார்ட் என்று ஒரு பேர். அதற்கு ஹெல்மெட் என்ன, கையுறை என்ன, கொடி ஆட்டுகிற ஆள் என்ன. "நானுந்தான் தெனம் துறைமுக கேட்டுக்கு இட்லி வண்டி தள்ளிக்கினு போறேன், எனுக்கு எவன்டா கொடி ஆட்றான்?" என்று கேட்பேன். "டிராபிக் போலீஸ் உன்னப் பாத்துக் கை ஆட்றானே, அத்தே பெரிசுக்கா" என்பாய்.

இப்போது நான்தான் போக வேண்டியிருக்கிறது. உன் பெண்டாட்டி புஷ்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் தையல் வேலை. லீவு கிடைத்தாலும் அவள் வரமாட்டாள். அந்தப் பெட்ரோல் வாசனை பட்டால் உன் சட்டை ஞாபகம் வருகிறதாம். உன் சட்டைகளை அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்து உதறி, மடித்து, மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது. பெரிய வியாழன். பாதம் கழுவுகிற பூசைக்குப் போக நல்ல சட்டை எடுத்து வைத்திருந்தாய். கன்டெய்னர் யார்டில் வேலை முடிகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆம்புலன்ஸ் வந்தது, சவேரி. சீக்கிரமாகவே வந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசைக்குள் புகுந்த பிறகு அதனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. டிரைவர்கள் இறங்கி வந்து கத்தி, கை காட்டி, வழி விடப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் இட்லி தின்கிறவர்கள். வேகம், வேகம் என்றே கிடந்தவன் நகராத வண்டியில் போனாய். இதை ஒரு கிண்டலாகச் சொல்லிவிடலாம் என்று நானும் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன். வரவில்லை.

இதை உன் ரேஸ் தோஸ்துகளும் படிக்கப் போகிறார்கள் என்று பிரின்சி சொல்கிறாள். எழுத்துப் பிழையை அவள் திருத்துகிறாள். கெட்ட வார்த்தைகளை நானே எடுத்துவிட்டேன். ரேஸ் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் எடைச் சமாச்சாரத்தை மட்டும் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிவிடுகிறேன். லேசான பிள்ளை ஓட்டினால் வண்டி பறக்கும், கனத்த பிள்ளை ஓட்டினால் இழுக்கும். அது நியாயம் இல்லை என்று, வண்டியும் பிள்ளையும் சேர்ந்து இன்ன எடைக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஒல்லிப் பிள்ளைகள் சீட்டில் ஈயம் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். நம் பிரின்சி புஷ்பா மாதிரி, நெத்திலி. அவளுக்கு நிறைய ஈயம் தேவைப்பட்டது.

கடையில் விற்கிற ஈயத் தகட்டின் விலையைக் கேட்டுவிட்டு நீ வந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காத்திவாக்கம் போய், கிழிந்து தூக்கிப் போட்ட வலைகளில் இருந்து ஈயக் குண்டுகளை அறுத்துச் சாக்கில் கொண்டு வந்தாய். வலையைக் கடலுக்கு அடியில் இழுத்துப் பிடிக்கிற குண்டுகள். பாசி நாற்றம் வீடெல்லாம் கலீஜ். அதை உருக்கி வார்க்க அச்சு வேண்டுமே? என் பழைய இட்லித் தட்டு, அடியில் ஓட்டை இல்லாத வார்ப்புத் தட்டு, அலமாரியில் இருந்தது. இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த நாள் காலை மாவை வைத்துக்கொண்டு தேடினால் இல்லை.

"டேய் சவேரி, என் தட்டு எங்கடா?"

"ரேஸுக்குப் போயிகீதுக்கா."

"அதுல நான் இட்லி ஊத்தணும்டா பாடையில போறவனே!"

"இனிமே அதுல ஊத்தாத. ஈயம் வெசம்." அதை முன்னாலேயே சொல்லாமல், எல்லாம் வார்த்து முடித்துவிட்டுச் சொன்னாய். வார்த்ததில் ஒன்றை என் கையில் வேறு வைத்தாய். குண்டாக, பளபளவென்று, நடுவில் போல்ட் போக ஓட்டை. கை கீழே போய்விட்டது. "நீ சுட்ட இட்லிக்கும் இதுக்கும் இன்னாக்கா வித்தியாசம்? இது கொஞ்சம் மெத்துன்னு கீது." தெருவே சிரித்தது. என் தட்டு ஒரு தடவை கீழே விழுந்து ஒரு குழியில் சொட்டை விழுந்திருக்கும். அந்தக் குழியில் வார்த்த ஈயத்திலும் அதே சொட்டை. என் கடை இட்லியை எவனும் எங்கேயும் அடையாளம் சொல்லலாம் என்று அதற்கும் ஒரு கிண்டல் செய்தாய்.

பிரின்சி வளர வளர அவள் எடை ஏறியது. நீ ஒவ்வொரு ஈய இட்லியாகக் கழற்றினாய். கழற்றியதையெல்லாம் காத்திவாக்கத்துக்காரர்களிடமே வலைக்குத் திருப்பிக் கொடுத்தாய். நீ போனபோது சீட்டில் இரண்டு மீதி இருந்தன. அதில் ஒன்று சொட்டை விழுந்தது.

இனி ரூல் கதைக்கு வருகிறேன். அது நீ ஆரம்பித்த வம்புதானே.

முன்பெல்லாம் அவரவர் என்ஜின், அவரவர் டயர். சில வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு என்ஜின் வரும், எது நன்றாக ஓடுகிறதோ அதை மாட்டுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டயர். அவர்கள் கழற்றிப் போட்ட டயரில் நம் பிள்ளை ஓட்டினாள். ஒரு நாள் பெற்றோர் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாயாம். கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு, பொத்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டுக்கொண்டு. "இங்க ரேஸ் ஓட்றது புள்ளைங்களா, பர்ஸுங்களா?" என்று கேட்டாயாம். ஒரு அப்பா எழுந்து, "என் பையனுக்காக நான் செலவு பண்றது தப்பா?" என்றாராம். அவர் கேட்டதும் நியாயம்தானே? நீ, "தப்பே இல்ல சார். அப்போ ரேஸ உனுக்கும் எனுக்கும் வெச்சிக்கலாம், புள்ளைங்க எதுக்கு?" என்றாயாம். அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். எல்லா என்ஜினையும் ரேஸ் நடத்துகிற குழுவே வாங்கி, முத்திரை வைத்து, சீட்டு குலுக்கிக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவரேதான்.

"வூட்லேந்து எதுவும் கூடாது. அவங்க குடுக்கறதுல ஓட்டு." இந்த வார்த்தையை நீ எத்தனை மாதம் பாடினாய்! என் கடையில் உட்கார்ந்து லாரிக்காரர்களிடம்கூடப் பாடினாய். வண்டியின் இரும்புக் கூட்டையும் சீட்டு ஈயத்தையும் தவிர மற்றதெல்லாம் பொது என்று குழு கடைசியில் ஒத்துக்கொண்ட அன்று, நீ எனக்குப் பால்கோவா வாங்கி வந்தாய். ரேஸில் ஜெயித்த மாதிரி. குலுக்கலில் பேஜாரு என்ஜின் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வரட்டுமே. எல்லாருக்கும் வர்ற பேஜாருதானக்கா" என்றாய்.

போன ஞாயிறு, நீ போன பிறகு அவளுக்கு முதல் ரேஸ். வண்டிகளைப் பரிசோதிக்கிற மூர்த்தி சார் முட்டி போட்டு உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். அவரை உனக்குத் தெரியும், உன்னைச் சேவியர் என்று முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். சொட்டை விழுந்த ஈய இட்லியை விரலால் தொட்டார்.

"இது இன்னும் இருக்கா..." என்றார். அப்புறம் மெதுவாக, "பிரின்சிம்மா, இந்த வருஷம் ரூல் மாறிடுச்சு. வீட்ல செஞ்ச வெயிட் கூடாது. முத்திரை போட்ட தகடு நாங்களே தர்றோம், அதத்தான் மாட்டணும்."

எங்கேயோ ஒரு வண்டியில் சரியாக மாட்டாத ஈயம் ஓடும்போதே கழன்று, பின்னால் வந்த பிள்ளையின் கையில் அடித்துவிட்டதாம். அதனால் வந்த ரூல். அறிவிப்பு புஷ்பாவின் போனுக்கு வந்திருக்கிறது. உன் பேர் போட்டு வந்திருந்ததால் அவள் அதைத் திறக்கவே இல்லை.

மூர்த்தி சார் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சேவியர் முறுக்கினது. ஒரு நாளும் கழலாது, எனக்குத் தெரியும். இன்னைக்கு நான் பாக்கல. போய் ஓட்டும்மா."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "நல்லா இருப்ப சார், உன் புள்ள குட்டிங்க நல்லா இருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிரின்சி தரையில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"சார், பாருங்க சார்."

"என்னம்மா?"

"மத்தவங்க வண்டியெல்லாம் பாத்தீங்க இல்ல? எங்க வண்டியையும் பாருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏய், அவுரே உட்டாரு, உனுக்கு இன்னாடி வந்துது? உங்கப்பன் கையால வார்த்ததுடி. அவன்கிட்டேந்து வேற இன்னா கீது நம்மகிட்ட?"

"வூட்லேந்து எதுவும் கூடாதுன்னு யாரு கேட்டது அத்த? அப்பாதான?"

"அவன் என்ஜினுக்கும் டயருக்கும் கேட்டான். இட்லிக்கா கேட்டான்?"

"அன்னைக்கு ஒரு அங்கிள் எழுந்து, எல்லாம் சரி, என் பையனுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு வுட்டுக் குடுங்கன்னு கேட்டாரு. அப்பா ஒத்துக்கினாரா?"

எனக்கு அந்தக் கதை தெரியும். நீ ஒத்துக்கொள்ளவில்லை. 'அந்த ஒண்ணே ஒண்ணு எல்லார் வூட்லயும் கீது சார்' என்று சொன்னாய். அதையும் என் கடையில் பாடினாயே! அப்போது உனக்குத் தெரியுமா, ஒரு நாள் நம் வீட்டு ஒண்ணே ஒண்ணு இதுதான் என்று?

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் தலையை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடியில் இருந்தே பேசினாள். "அத்த, போல்ட் சும்மா சுத்துது. மேல ஒருத்தர் புடிக்கணும்." அப்புறம், "அப்பா புடிப்பாரு" என்றாள்.

நான் பிடித்தேன். சீட்டுக்குள் கையை விட்டு, இன்னொரு ஸ்பேனரால் போல்டின் தலையை அழுத்திப் பிடித்தேன். கீழே அவள் திருப்பினாள், அது விடவில்லை. மூர்த்தி சார் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அப்போதும் விடவில்லை. நீ கடைசியாக முறுக்கிய முறுக்கு. இப்படி ஏன்டா முறுக்கினாய்? கொஞ்சம் லேசாக முறுக்கியிருக்கக் கூடாதா? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம். என் கைக்குள் போல்ட் தளர்ந்தது.

இரண்டாவது இவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை.

முத்திரைத் தகடு சப்பையாக, சாம்பல் நிறத்தில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருந்தது. அதை மாட்டும்போதும் நான்தான் மேலே பிடித்தேன். இட்லிகளை என் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக்கொண்டேன். அடுத்து ஒரு ஹெல்மெட்டுக்குள் சீட்டு போட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு வந்த என்ஜின் நம்பரைக் கேட்டதும் மற்ற பிள்ளைகள் 'ஐயோ' என்றன. புகை விடுகிற என்ஜினாம்.

"மூர்த்தி சார்கிட்ட மாத்திக் கேக்கலாமாடி?" என்றேன்.

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அத்த, நீ இன்னைக்கு ரூல் புக்கக் கொளுத்திட்டுத்தான் வூட்டுக்கு வருவ போல."

ஓட்டம் ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, கொசு விரட்டுகிற மாதிரி சத்தம். ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. வேலி ஓரம் வளைவு ஒன்று வருகிறதே, அங்கே ஒவ்வொரு சுற்றிலும் அவள் ஹெல்மெட் ஒரு பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் யாரும் இல்லை, ஒரு கம்பம்தான் இருந்தது. அவள் ஏன் திரும்புகிறாள் என்று பக்கத்தில் இருந்த ஒருவரைக் கேட்டேன். பெற்றோர் கூட்டத்தில் உன்னோடு வாதாடிச் சிரித்த அந்த அப்பாதான் அவர் என்று பிறகு பிரின்சி சொன்னாள். "சேவியர் அங்கேதான் நிப்பாரு. கை காட்டுவாரு" என்றார்.

நான் ஓடினேன். நான் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய். எடை மேடையில் வந்த நம்பரை நினைத்துக்கொள். அந்தக் கம்பத்திடம் போய் நின்றேன். என்ன கை காட்டுவது என்று எனக்குத் தெரியாதே? எப்போது பிரேக், எப்போது வேகம், ஒன்றும் தெரியாது. தூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவள் வந்தாள், ஹெல்மெட் திரும்பியது, போனாள். அடுத்த சுற்றிலும் திரும்பியது. அதற்கடுத்த சுற்றில் திரும்பவில்லை, நேராகப் பார்த்துப் போனாள். என்னைப் பார்த்ததால் திரும்பவில்லையா, நீ இல்லை என்று முடிவு செய்துவிட்டாளா?

ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தாள், புகையோடு. முடிந்ததும் எடை மேடையில் ஏற்றினார்கள். சரியான எடை. மூர்த்தி சார் கட்டை விரலைக் காட்டினார். அந்த அப்பா என் தூக்கில் இருந்து ஒரு இட்லியை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது தூக்கை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதுதான் அழுதாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "வெயிட்டு ஒண்ணுதான அத்த? அப்புறம் வண்டி ஏன் வேற மாரி கீது?"

அவள் மடியில் இருந்த தூக்கின் மூடியை நான் இன்னொரு தடவை அழுத்தி மூடினேன். நீ இருந்தால் என்னடா சொல்லியிருப்பாய்? மூர்த்தி சார் கண்ணை மூடினாரே, நீயாக இருந்தால் போய் ஓட்டு என்று சொல்லியிருப்பாயா? 'புள்ள சொல்றதுதான்கா ரைட்டு' என்று சொல்லியிருப்பாய் என எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவளோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவளை எப்படி இப்படி வளர்த்தாய்? நீயும் நானும் சின்ன வயதில் பூசை அப்பத்தைத் திருடித் தின்றவர்கள்தானே.

இப்போது நிலவரம் இதுதான். சொட்டை இல்லாத இட்லியை அவள் காத்திவாக்கத்துக்கு எடுத்துப் போய் வலை பின்னுகிறவர்களிடம் கொடுத்துவிட்டாள். உருக்கிக் குண்டாக்கி ஒரு புது வலையில் கோத்தார்களாம். சொட்டை விழுந்ததை நான் தரவில்லை. உன் போட்டோவுக்குக் கீழே பலகையில் வைத்திருக்கிறேன். காலையில் முதல் ஈடு இட்லி எடுத்ததும் உனக்கென்று நாலு தனியாக வைக்கத்தான் இன்னும் கை போகிறது. வைத்துவிட்டு அப்புறம் யாராவது டிரைவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கடை கிடையாது. போல்டை மேலே நான் பிடிப்பேன். அந்தக் கம்பத்திடம் நான் நிற்பேன், கை காட்டத் தெரியாவிட்டாலும். உன் பேரைச் சொல்லி யாரிடமும் சலுகை கேட்க மாட்டேன், யாராவது கண்ணை மூடினாலும் 'பாருங்க சார்' என்பேன். எடை மேடையில் மட்டும் ஏற மாட்டேன்.

நேற்று உன் போட்டோவைத் துடைக்கும்போது பலகை சாய்ந்து, அந்த இட்லி என் இடது கால் கட்டை விரலில் விழுந்தது. நகம் போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற நர்ஸம்மா என்ன விழுந்தது என்று கேட்டார்கள். இட்லி என்றேன். எங்கே கடை என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

கட்டுப் போட்ட காலோடு,
உன் அக்கா லூர்து